35 வருடம் கழித்துப் பரணிலிருந்து இறங்கிய ஸ்டாம்ப் ஆல்பம்: இரவில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது, எங்கே தொடங்குவது?

கடலோரக் கணக்கன் (தண்டையார்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் பரணைக் காலி செய்தபோது பித்தளை அண்டாவுக்குள் ஒரு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே எட்டாவது படிக்கும்போது நான் விட்ட ஸ்டாம்ப் ஆல்பமும் ஒரு பிஸ்கட் டின்னும். டின் முழுக்க உறையோடு மூலையை வெட்டிய தலைகள், ஊற வைக்காமல் அப்படியே.

அப்பா துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். கப்பல் ஏஜெண்டுகளின் குப்பைக்கூடையில் விழும் உறைகளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கை விடுவது அந்தப் பையில்தான். நார்வேக்காரனின் தபால் கொம்பு, சுவீடன் ராஜா எல்லாம் அப்படி வந்தவை. 'ஹெல்வெசியா' என்ற நாட்டை ஒரு கோடை விடுமுறை முழுக்க அட்லஸில் தேடினேன். அது சுவிட்சர்லாந்துதான் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை.

இப்போது வயது 48. கண்டெய்னர் யார்டில் கேட் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். வாரத்தில் மூன்று இரவு, சாப்பாட்டு மேசையைத் துடைத்த பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். காலையில் அதே மேசையில் இட்லிப் பாத்திரம் உட்காரும் என்பதால் எதையும் விரித்தபடி விட்டுவிட்டுத் தூங்க முடியாது.

பெரிய சிக்கல் கண். வெள்ளெழுத்து வந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த வயதில் வெறும் கண்ணால் படித்த ஓரத்து எழுத்துகள் இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கின்றன. புத்தகக் கடையில் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன், நடுவில் தெரிகிறது, ஓரம் வளைகிறது. மொத்தமாக 1500 ரூபாய் செலவு செய்யலாம் என்று வீட்டில் அனுமதி. என்ன லென்ஸ் வாங்குவது, இந்த அரை மணி நேரத்தில் உருப்படியாக என்ன செய்வது?

---

லென்ஸ் மாமா (பிராட்வே)

ஆஃப்செட் அச்சகத்தில் 28 வருடம் ஓட்டியவன். அங்கே லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போகாது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

அந்தக் கைப்பிடிக் கண்ணாடியை வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள், எறும்பு பார்க்கட்டும். அடுத்து, 20 மடங்கு, 60 மடங்கு என்று ஆன்லைனில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கு எளிது. 25 சென்டிமீட்டரைப் பெருக்கத்தால் வகுத்தால் லென்ஸை எவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டும் என்று வந்துவிடும். 5 மடங்குக்கு 5 சென்டிமீட்டர், 10 மடங்குக்கு இரண்டரை, 20 மடங்குக்கு ஒன்றேகால். ஒன்றேகால் சென்டிமீட்டரில் ஸ்டாம்ப் மேல் விழுவது உங்கள் தலை நிழல்தான். நூறு ரூபாய்க்கு 60 மடங்கு என்று விற்கும் சாமானில் எழுதியிருப்பது கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் மாதிரி.

உங்களுக்கு 5 மடங்கு போதும். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க ஒரு 10 மடங்கு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ். தங்கசாலைப் பக்கம் கேட்டால் கிடைக்கும். ஆனால் நான் பரிந்துரைப்பது அச்சகத்தில் நாங்கள் வைத்திருந்ததை. துணி ஆலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்காக வந்த சாமான் அது. மூன்று தகடு, விரித்தால் தானே நிற்கும். தூரத்தை அதுவே வைத்துக்கொள்ளும், கை நடுங்கினாலும் கவலை இல்லை. பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

லென்ஸைவிட விளக்கு முக்கியம். கழுத்து வளையும் எல்.இ.டி. மேசை விளக்கு ஒன்று. ஸ்டாம்புக்கு நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில், மேசையை ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடியுங்கள். மடிப்பு, பின்பக்கம் உரிந்த இடம், ஒட்டுப்போட்ட மூலை எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

முதல் இரவு ஸ்டாம்பைத் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு வண்ணப் படத்தை லென்ஸ் வழியாகப் பாருங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாகக் கூடியிருக்கும். அது ஆஃப்செட். இப்போது வரும் ஸ்டாம்புகளில் நிறைய அப்படித்தான். பிறகு அப்பாவின் சுவீடன் தலை ஒன்றை வையுங்கள். புள்ளியே இருக்காது, வெறும் கோடு. எஃகுத் தகட்டில் கையால் செதுக்கியது, விரல் நுனியில் மை தட்டுப்படும். போலந்தில் பிறந்து சுவீடனில் வேலை செய்த ஸ்லானியா என்பவர் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டாம்புகளைச் செதுக்கியிருக்கிறார். அவர் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் அச்சகம் போனால் எனக்கு என் வேலைமேலேயே வெறுப்பு வரும்.

---

எண்ணூர் தம்பி

அண்ணா, இந்தக் காலத்தில் எதற்கு லென்ஸ்? போனில் மேக்ரோ வைத்து ஒரு படம், விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் முடிந்தது. வலைத்தளங்களில் படத்தோடு பட்டியல் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளலாம். நான் ஒரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். 1500 ரூபாய்க்கு ஸ்டாம்பே வாங்கிவிடலாம்.

---

லென்ஸ் மாமா

தம்பி, படம் எடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விளக்கைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டாம்பைத் திருப்பிப் பார்க்கும்போது தெரிவது படத்தில் வராது. போன் தானே வெளிச்சத்தைச் சரிசெய்து மடிப்பை மறைத்துவிடும். அழகாக்கிக் காட்டுவதுதானே அதன் வேலை.

---

ஏழுகிணறு வாசி

லென்ஸ் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கணக்கன் தம்பி கேட்டதில் முக்கியமான கேள்வி அரை மணி நேரம்தான்.

எனக்கு 74 வயது. 1985-இல் எரிவதற்கு முன் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ஸ்டாம்ப் பொறுக்கியவன். அப்போது எல்லா நாடும் வேண்டும், எல்லாப் படமும் வேண்டும். நூறு நாடு, இருநூறு ஸ்டாம்ப் என்று பொட்டலம் விற்பார்கள். பாதிக்கு மேல் தபாலிலேயே போகாதவை, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காக அச்சகத்திலேயே முத்திரை குத்திய தாள்கள். முத்திரை நான்கு ஸ்டாம்புக்கும் ஒரே மூலையில் கச்சிதமாக விழுந்திருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். அதை நான் கண்டுபிடிக்க எட்டு வருடம் ஆனது.

அரை மணி நேரம் உள்ளவர் உலகத்தைச் சேர்க்கக் கூடாது. ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதற்குள் உட்கார வேண்டும். டின்னைக் கொட்டி, இந்திய வரைபடம் போட்ட சின்ன ஸ்டாம்புகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்த அன்று வெளியாகத் தொடங்கிய வரிசை. முதலில் அச்சடித்த தாளில் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் விழும் மங்கலான குறி, நட்சத்திரம்; வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நாசிக்கில் ஓடிக்கொண்டிருந்த அதே தாள். 1958-இலிருந்து தாள் மாறி அசோகர் சிங்கம் வந்தது. முன்பக்கம் அதே படம், அதே நிறம், ஆனால் தாள் வேறு. 1, 2, 3, 5, 6, 10, 13, 15, 20, 25, 50, 75 என்று 12 மதிப்புகள் நட்சத்திரத்தில் உண்டு. 8, 90 இரண்டும் சிங்கத்தில் மட்டும்தான், அவற்றை நட்சத்திரத்தில் தேடி இரவை வீணாக்காதீர்கள்.

சாதாரண மதிப்புகள் இரண்டு தாளிலும் மலிவு. ஒரு டீ, வடைக் காசில் கை நிறையக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும், அதுதான் சுகம்.

---

பெரம்பூர் டீச்சர்

ஏழுகிணறு ஐயா சொல்வது சரிதான், ஆனால் எல்லோருக்கும் நீர்க்குறி பிடிக்காது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு நான் வேறு மாதிரி செய்தேன். வட சென்னை என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு பக்கம். 2006-இல் வந்த சிங்காரவேலர், 1923-இல் மே தினத்தை இங்கே கொண்டாடியவர். 2007-இல் வந்த வள்ளலார், நம் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்தவர். 2008-இல் பிட்டி தியாகராயர். பின்னி மில் தொழிலாளர் போராட்டத்தோடு சேர்த்துத் திரு.வி.க. இவ்வளவு பேர் ஒரு பக்கத்தில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் "நம்ம ஏரியாவா டீச்சர்?" என்று கேட்டார்களே, அது போதும். அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்து ஸ்டாம்ப் பிரிவில் 200 ரூபாய் கட்டிக் கணக்கு வைத்தால் புதிதாக வருபவை வீட்டுக்கே வந்துவிடும். ஷிப்டு வேலைக்காரருக்கு அலைச்சல் மிச்சம்.

---

கடலோரக் கணக்கன்

நன்றி. மாமா சொன்ன மூன்று தகடு லென்ஸ் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பேப்பர் சோதனை செய்தேன். பேப்பரில் சிரித்துக்கொண்டிருந்த நடிகையின் கன்னத்தில் வெறும் மஞ்சளும் சிவப்பும் அம்மை போட்ட மாதிரி. என் மகள் லென்ஸை விடவே இல்லை, அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அவளுக்கே போனது. சுவீடன் ராஜாவின் காதோரம் முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

டீச்சரம்மா சொன்ன பக்கத்தை மகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஐயா சொன்ன வரைபடம்தான் பிடித்தது. டின்னில் 43 இருக்கின்றன. 5 பைசா மட்டும் 19. இதெல்லாம் கப்பல் உறையில் வந்திருக்காதே என்று அம்மாவிடம் கேட்டால், இன்னொரு கதை. தாத்தா, வண்ணாரப்பேட்டை வீட்டில், வந்த கடிதங்களைப் படித்து முடித்ததும் வாசற்படிக்கு மேலே தொங்கிய கம்பியில் குத்தி வைப்பாராம். அவர் போன பிறகு நான்தான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஸ்டாம்பை எல்லாம் வெட்டினேனாம். எனக்கு நினைவே இல்லை. வெட்டாத ஒரு கட்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்கிறார். வந்த ஞாயிறு அவற்றையும் வெட்டி எல்லாவற்றையும் ஒரே தடவையாக ஊறவைத்துவிடலாமா?

---

பெரம்பூர் டீச்சர்

ஐயோ, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

வெட்டாத கடிதத்தை வெட்டவே வேண்டாம். ஸ்டாம்ப் கடையில் கிடைக்கும், தாத்தாவின் விலாசத்தோடு, எந்த ஊரில் குத்தினார்கள், இங்கே எப்போது வந்து சேர்ந்தது என்ற முத்திரையோடு உள்ள உறை எங்கே கிடைக்கும்? பின்கோடு வந்தது 1972-இல்தான். அதற்கு முன் விலாசம் "மெட்ராஸ்-21" என்றுதான் இருக்கும், அந்த 21தான் பிறகு 600021 ஆனது. உங்கள் 43-ஐ ஊறவையுங்கள், கம்பியில் குத்தியதை விட்டுவிடுங்கள்.

---

வியாசை 39

டீச்சர் சொன்னதற்கு நானும் கைதூக்குகிறேன். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த, ஸ்டாம்ப் செருகி வைக்கும் மூன்று ஸ்டாக் புக் ஊறி, ஸ்டாம்ப் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிக்கொண்டது. மறுபடி வாளித் தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முத்திரை குத்தியவை தப்பித்தன. புதுசாக இருந்தவை பசை போய் வெறும் படமாயின. வெள்ளை வேட்டியில் பரப்பி மொட்டை மாடி நிழலில் காயவைத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் காயவைத்துக்கொண்டிருக்க, நான் கென்யா ஒட்டகச்சிவிங்கியைக் காயவைத்தேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால் அனுபவத்தில் சொல்வது: தரைக்கு அருகில் எதையும் வைக்காதீர்கள். கடல்காற்று உள்ள ஊர், ஈரம் ஓயாது. ஆல்பத்தைப் படுக்க வைத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பழுப்புப் புள்ளி வரும், ஒரு பக்கத்தில் வந்தால் பக்கத்துப் பக்கத்துக்கும் பரவும். நிற்க வையுங்கள், சுவரை ஒட்டாமல். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா பொட்டலங்களை எறியாமல் சேர்த்து வையுங்கள். பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும், அலமாரி மூலையில் வசம்பு கட்டிப் போடுவோம், எங்கள் பாட்டி ஓலைச்சுவடிக்குச் செய்தது. ஒட்டும் பக்கம் உள்ள போட்டோ ஆல்பத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பிறகு எடுக்கவே முடியாது.

---

லென்ஸ் மாமா

நீர்க்குறிக்கு வருவோம். லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் குப்புறப் போட்டு நான்கு சொட்டு. சிங்கமோ நட்சத்திரமோ இருட்டாக எழும்பும், இரண்டு நிமிடத்தில் ஆவியாகிக் காய்ந்துவிடும்.

---

பெரம்பூர் டீச்சர்

மாமா, அவர் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் சமையலறை. கேஸ் அடுப்பு. மகள் வேறு லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு உட்காருகிறாள். அவர் வீட்டம்மா நமக்கெல்லாம் தோசைக்கரண்டியோடு வருவார். ஃபோட்டோகிராவூர் என்ற குழித்தகட்டு முறையில் அச்சிட்ட சில ஸ்டாம்புகளுக்கு அந்தத் திரவம் பட்டால் மை கரையவும் செய்யும், பெரிய கேட்டலாக்குகளிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது.

---

ஏழுகிணறு வாசி

பெட்ரோலே வேண்டாம். எப்படியும் ஊறவைக்கத்தான் போகிறார். சாதாரணத் தண்ணீர், வெந்நீர் வேண்டாம். சிவப்பு, பச்சை உறைத்துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும், சாயம் இறங்கினால் எல்லாம் கெட்டது. பத்திருபது நிமிடத்தில் ஸ்டாம்ப் தானாகக் கழன்று மிதக்கும், பிடித்து இழுக்கக் கூடாது. விரலால் பின்பக்கப் பசையை லேசாகத் தடவி எடுத்துவிட்டு, ஈரத்தோடு குப்புறக் கறுப்பு டைல்ஸ் துண்டில் வையுங்கள். தாள் மெலிந்த இடம் முதலில் இருட்டாகத் தெரியும். நட்சத்திரம் என்றால் கூரான முனைகள் வரிசையாக வரும், சிங்கம் என்றால் தூண் மாதிரி பருத்து நிற்கும். காயக் காய மறைந்துவிடும், எனவே ஒரு தடவைக்கு ஐந்து போதும். தட்டையான முனையுள்ள ஸ்டாம்ப் இடுக்கியால் எடுங்கள். புருவம் பிடுங்குவதில் பல் இருக்கும், தாளைக் கடித்துவிடும்.

காயவைக்கச் செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெள்ளைத் துணியில் குப்புறக் காயவிட்டு, அரைகுறை ஈரத்தில் ஒரு கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சுருளாது. மேசையும் காலியாகிவிடும், காலை இட்லிக்கு இடைஞ்சல் இல்லை.

---

கொருக்குப்பேட்டைக்காரன்

பேச்சுக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். மாமனார் வீட்டில் 1948 காந்தி 10 ரூபாய் ஸ்டாம்ப் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் சொல்கிறார், பரிசோதனைக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

---

ஏழுகிணறு வாசி

முன்பணம் கொடுக்காதீர்கள். 1948 ஆகஸ்ட் 15-இல் வந்த காந்தி வரிசையில் ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என்று நான்கு. சுவிட்சர்லாந்தில் அச்சிட்டது. 'சர்வீஸ்' என்று மேலே அச்சிட்ட 10 ரூபாய் நூறே நூறுதான், லட்சக் கதையெல்லாம் அதைச் சுற்றி வருவது. சாதாரண 10 ரூபாய்க்கும் நல்ல விலை உண்டு, அதனாலேயே போலிகள் குவிந்து கிடக்கின்றன. மாமா சொன்ன பேப்பர் சோதனையை அதில் செய்யுங்கள். பூப்பூவாக வண்ணப் புள்ளி தெரிந்தால் வருத்தப்பட்டுவிட்டு ஆல்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் நேரில் ஸ்டாம்ப் சங்கத்துக்காரர்களிடம் காட்டுங்கள், மாமனாரையும் கூட்டிக்கொண்டு.

---

கொருக்குப்பேட்டைக்காரன்

பூப்பூவாகத்தான் இருக்கிறது ஐயா. மாமனாரிடம் நான் சொல்லவில்லை.

---

எண்ணூர் தம்பி

பர்ஃபரேஷன், அதாவது ஸ்டாம்ப் ஓரத்துத் துளைகளை அளக்கும் ஸ்கேல் வாங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே? இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

---

லென்ஸ் மாமா

பிரிண்ட் எடு, ஆனால் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அணைத்துவிட்டு எடு, இல்லாவிட்டால் மூன்று நான்கு சதவீதம் சுருங்கிவிடும். எடுத்ததும் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துச் சரிபார். 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு, 1866-இல் லெக்ராண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் போட்ட வழி. தெளிவான ஓ.எச்.பி. தாளில் எடுத்தால் உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பையும் அளக்கலாம். ஆண்டர்சன் தெருவில் அந்தத் தாள் இன்னும் சில்லறையாகத் தருகிறார்கள். கணக்கனுக்கு இப்போதைக்கு இது வேண்டாம், வரைபடத்தை முடிக்கட்டும்.

---

கடலோரக் கணக்கன்

மூன்று வாரம் ஆயிற்று, நடுவில் இரவு ஷிப்டு.

43-இல் 30-ஐப் பார்த்துவிட்டேன், ஓர் இரவுக்கு ஐந்து கணக்கில். யார்டுக்குப் பக்கத்தில் கட்டுமான வேலை நடந்த இடத்தில் உடைந்த கறுப்பு கிரானைட் துண்டு கிடைத்தது, டைல்ஸைவிட நன்றாக இருக்கிறது. முதல் இரவு ஒன்றும் தெரியவில்லை. ஈரம் மின்னியது, அவ்வளவுதான். விளக்கை மாமா சொன்ன மாதிரி மேசையோடு மேசையாகச் சாய்த்ததும் 2 பைசாவின் முதுகில் ஒரு நட்சத்திரம், அப்புறம் பக்கத்தில் பாதி நட்சத்திரம். "அம்மா, அப்பா கத்துறாங்க" என்று மகள் உள்ளே போய்ச் சொன்னாள். 30-இல் நட்சத்திரம் 7, சிங்கம் 21. இரண்டில் தாள் தேய்ந்து எதுவும் தெரியவில்லை.

ஆனால் கேள்வி வேறு. டிரங்குப் பெட்டியில் இருந்து அம்மா அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தார். 11 உறைகள், நடுவில் கம்பி குத்திய ஓட்டையோடு. ஆரணியில் இருந்து தாத்தாவின் அண்ணன் எழுதியவை. டீச்சரம்மா சொன்ன மெட்ராஸ்-21 எல்லாவற்றிலும் இருக்கிறது. எல்லாம் வரைபட ஸ்டாம்ப். வெட்டக் கூடாது என்கிறீர்கள், ஊறவைக்கக் கூடாது. அப்படியானால் முதுகைப் பார்க்காமல் நட்சத்திரமா சிங்கமா என்று எப்படிச் சொல்வது?

---

ஏழுகிணறு வாசி

முதுகு எதற்கு? முகத்திலேயே எழுதியிருக்கிறதே. முத்திரையில் தேதியைப் படியுங்கள். 57 என்று வருடம் இருந்தால் அது நட்சத்திரம், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். அன்றைக்கு சிங்கத் தாளில் ஸ்டாம்ப் வெளிவரவே இல்லை. 58-உம் அதற்குப் பிறகும் என்றால் எதுவாகவும் இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

---

பெரம்பூர் டீச்சர்

உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வந்து சேர்ந்த ஊரில் டெலிவரி முத்திரை குத்துவார்கள். முன்பக்கம் மங்கியிருந்தால் பின்னால் தெளிவாக இருக்கும், ஒருநாள் இரண்டு நாள்தான் வித்தியாசம்.

---

கடலோரக் கணக்கன்

11 உறையில் 6 படிக்க முடிந்தது. இரண்டில் 57! ஒன்று ஆகஸ்ட், ஒன்று நவம்பர். நவம்பர் உறையின் பின்னால் வண்ணாரப்பேட்டை முத்திரை, ஆரணியில் குத்திய மறுநாள். அந்தக் கடிதத்தைப் படித்தேன். அண்ணன் தம்பிக்கு எழுதுகிறார்: புது நயா பைசாவில் கடைக்காரன் கணக்குச் சொல்லி ஏமாற்றுகிறான், நீ மெட்ராஸில் ஜாக்கிரதை. அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அன்றைக்கு அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது.

நான்கில் 59, 61 என்று பிந்தைய வருடங்கள். ஐந்தில் முத்திரை கரும்பட்டையாக இருக்கிறது, 10 மடங்கு லென்ஸிலும் ஒன்றும் பிரியவில்லை.

---

எண்ணூர் தம்பி

அண்ணா, இப்போது என் முறை. அந்த ஐந்தையும் போனில் படம் எடுங்கள், வெளிச்சம் நன்றாக உள்ள இடத்தில், விளக்கு ஒளி பிரதிபலிக்காமல். எடிட் போய் நிறத்தை எடுத்துவிட்டு கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஸ்டாம்பின் நிறமும் முத்திரை மையும் தனித்தனியாகப் பிரியும். சிவப்பு ஸ்டாம்ப் மேல் கறுப்பு முத்திரை என்றால் சிவப்பு ஃபில்டர் போட்டுப் பாருங்கள், ஸ்டாம்ப் வெளிறி முத்திரை மட்டும் நிற்கும்.

---

லென்ஸ் மாமா

சிவப்பு ஃபில்டர் சரியான யோசனை. அச்சகத்தில் கேமரா ரூமில் நாங்கள் இதைத்தான் செய்தோம். தம்பியிடம் தோற்றேன்.

---

கடலோரக் கணக்கன்

தம்பி, நான்கு பிரிந்துவிட்டன: 58, 60, 60, 62. டீ வாங்கித் தருகிறேன், எண்ணூர் பக்கம் வரும்போது சொல்கிறேன்.

ஐந்தாவது 13 பைசா, சிவப்பு. ஃபில்டர் போட்டதும் ஆரணி என்பது தெரிகிறது, மாதம் தெரிகிறது, டிசம்பர். வருடத்தில் 5 இருக்கிறது. அடுத்த எழுத்தின்மேல்தான் தாத்தாவின் கம்பி போயிருக்கிறது. பின்பக்க முத்திரையும் பாதிதான், அதே ஓட்டை. உள்ளே இருக்கும் கடிதத்தில் தேதி போடாமல் "மார்கழி 3" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்த வருடம் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒரு வரி இருக்கிறது. அம்மாவுக்கு அந்த அத்தையின் கல்யாணம் எந்த வருடம் என்று நினைவில்லை. ஆரணிக்கு போன் போட்டிருக்கிறேன். நாளை முதல் இரவு ஷிப்டு, வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன்.